ஏகாம்பரம் வண்டியில இருந்த பாட்டில்

எனக்குக் குமட்டல் ஜாஸ்தி. லாரி எலெக்ட்ரீஷியனுக்கு இருக்கவே கூடாத வியாதி அது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டுல, மெட்ரோ தூணுக்குப் பக்கத்துல, ஜுல்ஃபிகர் ஆட்டோ எலெக்ட்ரிகல்ஸ்னு ஒரு போர்டு தொங்குதே, அந்த ஜுல்ஃபிகர் நான்தான். தெனமும் எவனோ ஒருத்தன் வண்டியில டேஷ்போர்டுக்குள்ள தலைய உட்டுகினு கெடக்கறதுதான் என் பொழப்பு. உள்ள இன்னா இருக்கும்னு நெனக்கிறீங்க? வெறும் வயர்னா சந்தோஷமா செய்வேன். செத்த எலி, எலி மூத்திரம், கரப்பான் முட்டை, என்னிக்கோ கவுந்த மீன் கொழம்பு. சீ, மனுசன் உக்கார்ற எடமா அது? ஊட்டுக்குப் போனதும் மொத வேலையா முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுத் தேய்ப்பேன். என் ஊட்டுக்காரி மெஹக், ஆப்பரேஷன் முடிச்சிட்டா வர்றீங்கன்னு கேட்டு சிரிப்பா.

டீக்கடையில கூட நான் கிளாஸ்ல குடிக்க மாட்டேன். ஒரே பக்கெட்டுத் தண்ணியில நாள் பூரா முக்கி முக்கி எடுக்கறானுங்க, அத்த எப்படி வாயில வெக்கிறது? அதனால என் டூல்ஸ் பையில தனியா ஒரு துணியில சுத்தி எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு எப்பவும் கீது. நான் தெருமொனையில வரும்போதே டீ மாஸ்டர் அதுக்குக் கைய நீட்டிடுவான்.

இப்படிப்பட்டவனுக்கு ஏகாம்பரம் எப்படி சிநேகிதன் ஆனான்னு எனக்கே தெரியல. வெள்ளானூர்க்காரன். என் வயசுதான். சின்ன வயசுலயே லாரியில கிளீனரா ஏறி, அப்பால டிரைவராகி, நாக்பூர், பூனான்னு லைன் வண்டி ஓட்டினவன். தூக்கம் வராம இருக்கறதுக்குப் புகையிலைத் தூளைக் கன்னத்துல அடக்கிப் பழகினது அப்பதான். பொண்ணு ரோஷினி ஹைஸ்கூல் போனதும், இனிமே ஊரு ஊரா சுத்த மாட்டேன்னு பொண்டாட்டி அஞ்சலைக்கு வாக்கு குடுத்துட்டு, பழைய டேங்கர் லாரி ஒண்ணை வாங்கினான். ஆவடியைச் சுத்தி மொளைக்கிற ஃப்ளாட்டுங்களுக்குத் தண்ணி அடிக்க ஆரம்பிச்சான். ஊரு சுத்தறத விட்டுட்டான், கன்னத்துல கீற சனியன மட்டும் விடல. தடை, தடைன்றானுங்க. பெட்டிக்கடையில போயி கண்ணைக் காட்டினா போதும், பாக்கெட்டு கைக்கு வந்துடுது.

மத்தபடி நல்லவன். ரொம்ப நல்லவன், அதான் கடுப்பு. மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறலன்னு ஒரு வயசான அம்மா சொன்னா, ஹோஸை விட்டுட்டு கொடத்தைத் தூக்கிகினு போவான். சிரிச்சா தெருவே திரும்பிப் பார்க்கும். அப்படி வாயைத் தொறந்து சிரிக்கிறவன். இந்தக் கதை ஏதோ வண்டி ரிப்பேர் கதை மாதிரிதான் போவும். ஆனா நான் சொல்ல வர்றது அந்த வாயைப் பத்தி. அவன் உசுரு அங்கதான் மாட்டிகினு இருந்துச்சி.

மொதல்ல பாட்டிலைச் சொல்லிடறேன். டிரைவருங்க எல்லாரும் இன்னா பண்ணுவானுங்க? ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டி, புளிச்சுனு துப்பிட்டுப் போய்க்கினே இருப்பானுங்க. ஏகாம்பரமும் அப்படித்தான் இருந்தான். ஒருநாள் குமணன்சாவடி சிக்னல்ல துப்பினது, பக்கத்துல ஸ்கூட்டர்ல அப்பன் பின்னாடி உக்காந்திருந்த ஸ்கூல் பொண்ணு மேல விழுந்துடுச்சி. யூனிஃபார்ம் பூரா. அந்தப் பொண்ணு திட்டல, கத்தல. துப்பட்டாவைத் தூக்கிப் பார்த்துகினே அழுதுச்சாம். ரோஷினி வயசு பாய், ரோஷினி வயசு பாய்னு எங்கிட்ட வந்து பொலம்பினான். நல்லா திட்டி அனுப்பிட்டேன். அன்னிலேர்ந்து அவன் ரோட்டுல துப்பறதில்ல. ஒரு காலி வாட்டர் பாட்டில்ல துப்பி மூடி வெச்சிக்குவான். புகையிலைய விடணும்னு தோணல பாருங்க, பாட்டில் வெச்சிக்கணும்னுதான் தோணியிருக்கு. இன்னா மூளையோ.

அந்தப் பாட்டில் எங்க இருந்துச்சின்னா, டேஷ்போர்டு நடுவுல ஒரு குழி இருக்குமே, டிரைவருங்க பீடி, தீப்பெட்டி, சில்லறை போட்டு வெக்கிற குழி, அதுக்குள்ள. அந்தக் குழிக்கு நேர் கீழதான் பாக்ஸு.

பாக்ஸுன்னா பாடி கன்ட்ரோல் மாட்யூல். டிரைவருங்களுக்கு அது வெறும் பாக்ஸ்தான். அந்தக் காலத்து லாரியில சுவிட்சைத் தட்டினா கரன்ட் நேரா லைட்டுக்குப் போயிடும். இந்த மாதிரி வண்டியில அப்படி இல்ல. நீ பிரேக்கை மிதிச்சா மிதிச்ச சேதி மொதல்ல பாக்ஸுக்குப் போவும், பாக்ஸு மனசு வெச்சாதான் பின்னாடி செவப்பு லைட் எரியும். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் எல்லாத்துக்கும் அதுதான் மேஸ்திரி. அது கெட்டா வண்டிக்குப் பேய் புடிச்ச மாதிரி ஆயிடும். ஏகாம்பரம் வண்டிக்கும் அதான் ஆச்சி. கொளுத்தற வெயில்ல வைப்பர் தானா ஓடுது, லெப்ட் இண்டிகேட்டர் போட்டா ஹாரன் அடிக்குது. அதையெல்லாம் கூட விட்டுடலாம், பிரேக் லைட் எரியல. பன்னெண்டாயிரம் லிட்டர் தண்ணியோட போற வண்டி. பின்னாடி வர்றவனுக்கு அது நிக்கிறதே தெரியாது.

கடைக்குக் கொண்டாந்தான். டைரக்ட் போட்டுக் குடு பாய், திங்கக்கிழமை லோடு கீதுன்னான். டைரக்ட்னா பாக்ஸை ஓரங்கட்டிட்டு, பேட்டரியிலேர்ந்து நேரா ஒரு வயரை இழுத்து, தட்டு சுவிட்சு வெச்சி லைட்டை எரிய வெக்கிறது. இந்த ரோட்டுல பாதி வண்டி அப்படித்தான் ஓடுது. டேஷ்போர்டைப் பிரிச்சா இடியாப்பம் மாதிரி வயரு, அது மேல செல்லோ டேப்பு. எனக்கு அந்த வேலையப் பார்த்தாலே வாந்தி வரும். நோவு எங்க கீதுன்னு பார்க்காம லைட்டை மட்டும் எரிய வெச்சிட்டுப் போறவன் எலெக்ட்ரீஷியனே இல்ல. முடியாதுன்னுட்டேன்.

பாக்ஸைக் கழட்டிப் பார்த்தேன். உள்ள பழுப்பா காஞ்சு போயி, பின்னுங்க எல்லாம் பச்சை பூத்து அரிச்சிருந்துச்சி. கண்ணாடி ரப்பர் வழியா மழைத்தண்ணி எறங்கி, தூசியோட கலந்து காஞ்சிடுச்சின்னு நெனச்சேன். இந்த மாடலுக்குப் புது பாக்ஸு வர்றதில்ல. தேடி அலைஞ்சி, வேற வண்டியிலேர்ந்து கழட்டின பாக்ஸு ஒண்ணு நல்லதாப் பார்த்து வாங்கி மாட்டினேன். மாட்டினா மட்டும் போதாது. லேப்டாப்பைச் சொருவி, இதுதான் உன் வண்டின்னு பாக்ஸுக்குச் சொல்லிக் குடுக்கணும், அதுக்கு கோடிங்னு பேரு. அது போடாத வரைக்கும் சாவிய முறுக்கினாலும் இஞ்சின் புடிக்காது, திருட்டு வண்டின்னு நெனச்சிக்கும். கோடிங் போட்டு, கண்ணாடி ரப்பரையும் மாத்திக் குடுத்து அனுப்பினேன்.

அன்னிக்கு அந்தக் குழி பளபளன்னு இருந்துச்சி. ஒரு எலுமிச்சம்பழமும் ஊதுபத்தி ஸ்டாண்டும் தவிர ஒண்ணுமில்ல. என்னடா இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கானேன்னு மனசுக்குள்ள மெச்சிக்கினேன். அந்தக் கஸ்மாலம் இன்னா பண்ணியிருக்கான்னா, என் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி தெருமொனையில வண்டிய நிறுத்தி, பாட்டிலை சீட்டுக்கு அடியில ஒளிச்சி வெச்சிட்டு, குழியைத் துணியால தொடைச்சிட்டு வந்திருக்கான். பாய்க்கு இதெல்லாம் புடிக்காது, பார்த்தா மனசு கஷ்டப்படுவாருன்னு. எனக்கு மரியாதை பண்றானாம். அந்த மரியாதையால ஒரு நல்ல பாக்ஸு போச்சி. பாக்ஸு போனா மயிரே போச்சின்னு விட்டுடலாம், அவன் வாயைப் பார்த்திருக்க வேண்டிய நாளும் சேர்ந்து போயிடுச்சி.

தீபாவளி முடிஞ்சி ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் பண்ணான். அவன் பேசறது காதுல விழல, ஹாரன் சத்தம்தான் கேக்குது. வெள்ளானூர்ல ஒரு ஃப்ளாட் கேட்டுக்கு முன்னாடி நிக்கிறானாம், ஹாரன் தானா அடிக்க ஆரம்பிச்சி நிக்கவே மாட்டேங்குதாம். என் பைக்கை எடுத்துகினு போனேன். அந்த அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீநாத்னு ஒருத்தர், ஐ.டி. ஆளு, காதைப் பொத்திகினு கேட்டுல நிக்கிறாரு. பால்கனிக்கு ஒருத்தர்னு எல்லாம் எட்டிப் பார்க்குது. இப்படியே இருந்தா வேற டேங்கருக்கு சொல்லிடுவோம்னு அவரு கத்தறாரு, ஏகாம்பரம் கும்புடு போடறான். நான் போயி பேட்டரி கேபிளைப் புடுங்கினேன். தெருவே மூச்சு விட்டுச்சி.

கேபினுக்குள்ள ஏறி, பாக்ஸு கனெக்டரைப் புடுங்க கைய உட்டேன். ஈரம். பிசுபிசுன்னு, வெதுவெதுன்னு. மழையே இல்லாத நாளு. கைய எடுத்து மூக்காண்ட கொண்டாந்தேன் பாருங்க, யா அல்லாஹ், அந்த நாத்தம். மேல பார்த்தா குழிக்குள்ள பாட்டிலு படுத்துகினு கீது. அவசரத்துல ஒளிக்க மறந்துட்டான். வெயில்ல அடியில விரிசல் விட்டு, சொட்டு சொட்டா பாக்ஸு மேல எறங்கிகினு இருக்கு. கீழ குதிச்சி காம்பவுண்டு ஓரம் வாந்தி எடுத்தேன். காலையில சாப்பிட்ட இடியாப்பம், பாயா எல்லாம் வெளிய வந்துடுச்சி.

வாயைக் கொப்பளிச்சிட்டு, அந்தப் பாட்டிலை ஒரு பேப்பர்ல புடிச்சி அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, என் வாயில வந்த அத்தனையும் திட்டினேன். அப்பதான் வெயில் அதுக்குள்ள பாஞ்சுது. பழுப்புத் தண்ணியில செவப்பா நூலு நூலா எதுவோ மெதந்துகினு இருந்துச்சி. அந்தத் தூளு செவக்காது. அவன் வெத்தலை போடறவனும் இல்ல.

"நைனா, இது இன்னா செவப்பு?" ன்னு கேட்டேன்.

"பல்லு ஆடுது பாய். வேற ஒண்ணியும் இல்ல."

"வாயைத் தொற."

அவன் சுத்திமுத்தும் பார்த்துட்டு, தொறந்தான். தொறந்தான்னா, ஒரு வெரல் போற அளவுக்கு. அதுக்கு மேல வரல. இன்னும் தொறன்னேன். கண்ணுல தண்ணி வந்துச்சே ஒழிய வாய் தொறக்கல. அப்பதான் எனக்கு ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சி. ஆறேழு மாசமா டீக்கடையில அவன் பன்னை ஊற வெச்சி கொழகொழன்னுதான் தின்றான். பரோட்டா வாங்கினா சால்னாவுல கூழாக்கிடுவான். எனக்கு அது கலீஜா இருக்குன்னு நான்தான் வேற பக்கம் திரும்பி உக்காந்துக்குவேன். சிரிப்பு கூட சின்னதாயிடுச்சி. ஊட்டுல பொம்பளை ஒருத்தி கீறாளே, அவளுக்குமா தெரியலன்னு கேட்டேன். பல்வலின்னு சொல்லி வெச்சிருக்கான். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுகினு ஓட்டிகினு இருந்திருக்கான். வாய்க்கும் டைரக்ட்.

வண்டிய என் கடைக்குக் கட்டி இழுத்துகினு வந்தோம். பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையில சொல்லி வெச்சி இன்னொரு பாக்ஸு வரவழைச்சேன். வயர் பூரா கழுவி, பின்னெல்லாம் மாத்தி, மூக்குல துணி கட்டிகினு எல்லா வேலையும் முடிச்சேன். முடிச்சிட்டு லேப்டாப்பை எடுத்து பீரோவுல வெச்சிப் பூட்டிட்டேன்.

"கோடிங் போட மாட்டேன். ஆஸ்பத்திரியில வாயைக் காட்டிட்டு வா, அப்பால உன் வண்டி ஸ்டார்ட் ஆவும்" னு சொன்னேன்.

ஏகாம்பரத்துக்கு அப்படி ஒரு கோவம் வந்து நான் பார்த்ததில்ல. நீ இன்னா டாக்டரா, ஒயரு புடுங்கறவன் தானேன்னான். ஃப்ளாட்காரனுங்க வேற டேங்கரை வெச்சிக்கினா எம்பொண்ணு காலேஜுக்கு நீயா ஃபீஸு கட்டுவேன்னான். வேற எலெக்ட்ரீஷியனாண்ட போறேன்னான். போ, எவன் வேணா டைரக்ட் போட்டு லைட்டை எரிய வெப்பான், இஞ்சினை எவன் புடிக்க வெக்கிறான்னு பார்க்கறேன்னு சொன்னேன். சாவியத் தூக்கி என் மூஞ்சியில அடிச்சிட்டுப் போனான். நிஜமாவே ரெண்டு பேராண்ட போயிருக்கான். பாய் கோடிங்குக்கு நாங்க கை வெக்க முடியாதுன்னு அவனுங்க சொல்லிட்டானுங்க.

எனக்கு மட்டும் நிம்மதியா? கடை வாசல்ல அந்த டேங்கரு எருமை கணக்கா நிக்குது, ஒருத்தன் பொழப்பைப் புடிச்சி வெச்சிருக்கேன். ரெண்டு நாள் சோறு எறங்கல. கடைசியில அஞ்சலைக்குப் போன் போட்டு பாட்டிலுக்குள்ள பார்த்ததைச் சொன்னேன்.  ஆமா பாய், தலகாணி உறையில பார்த்தேன், ஈறு கசியுதுன்னு சொன்னாரு, நானும் நம்பிட்டேன்னு சொல்லிட்டு அழுதுச்சி. மறுநாள் காலையில அதுதான் அவனைக் கையைப் புடிச்சி இட்டுகினு வந்துச்சி. ஆவடியில ரயிலேறி மூணு பேரும் சென்ட்ரல் பக்கம் பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.  வழி நெடுக அவன் என் மூஞ்சியப் பார்க்காம ஜன்னல் பக்கம் திரும்பிகினு வந்தான்.

ஓ.பி. வரிசை. சீட்டு போட்டு பெஞ்சுல உக்காந்திருக்கோம். கூப்புடற நேரம் ஆயிடுச்சி. அவன் கன்னத்தைப் பார்க்கறேன், உப்பலா கீது. எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சி. ஆஸ்பத்திரிக்கு, அதுவும் வாயைக் காட்ட வந்தவன், வாயில அந்த நரகலை அடக்கிகினு உக்காந்திருக்கான். பயமா இருந்துச்சி பாய், அது இல்லாம உக்கார முடியலன்னு கண்ணாலயே சொல்றான், வாயைத் தொறக்க முடியல. எழுந்து நின்னான். படிக்கட்டு மூலை பூரா எவனெவனோ துப்பி செவந்து கெடந்துச்சி. அதாண்ட போயி நின்னான். துப்பல. அங்க கீழ்ப்படியில ஒரு சின்னப் பொண்ணு அம்மா மடியில உக்காந்திருந்துச்சி. இந்தப் பக்கம் பார்க்கறான், அந்தப் பக்கம் பார்க்கறான், வாய் நிறைய வெச்சிகினு முழிக்கிறான். உள்ளேர்ந்து, ஏகாம்பரம், ஏகாம்பரம்னு நர்ஸம்மா கூப்புடுது. முழுங்கத்தான் போறான்னு தெரிஞ்சிடுச்சி.

நான் பையிலேர்ந்து துணியப் பிரிச்சி என் டம்ளரை எடுத்து அவன் வாயாண்ட புடிச்சேன்.

"இதுல துப்புடா."

அவன் என்னையும் டம்ளரையும் பார்த்தான். அது இன்னா டம்ளருன்னு அவனுக்குத் தெரியாதா? தலைய ஆட்டி வேணான்னான். நான் இன்னும் கிட்ட கொண்டு போனேன். துப்பினான். கையில சூடு தெரிஞ்சுது. பழுப்பும் செவப்புமா பாதி டம்ளரு. வயித்துலேர்ந்து கெளம்பி தொண்டை வரைக்கும் வந்துச்சி, பல்லைக் கடிச்சிகினு நின்னேன். அவன் ரூமுக்குள்ள போயிட்டு வர்ற வரைக்கும் அத்த கையிலயே வெச்சிகினு இருந்தேன், அஞ்சலை கேட்டும் குடுக்கல.

கன்னத்துல துளி சதை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினாங்க. நான் பயந்த அதேதான், புத்துநோய். ஆனா கழுத்துக்கு எறங்கலன்னாங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பேசறதுக்கே ஒண்ணும் இருந்திருக்காதுன்னு அந்த டாக்டரம்மா அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுச்சி. சோத்தாங்கைப் பக்கக் கன்னத்தை உள்ளேர்ந்து எடுத்துட்டு, தொடையிலேர்ந்து சதை வெச்சித் தெச்சாங்க. அவன் ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போன அன்னிக்குத்தான் நான் பீரோவைத் தொறந்து லேப்டாப்பை எடுத்தேன். கோடிங் போட்டேன், பிரேக் லைட் நல்லா செவப்பா எரிஞ்சுது. இப்ப வண்டிய வினோத்னு ஒரு ஆளு ஓட்டறான். ஏகாம்பரம் கிளீனர் சீட்ல உக்காந்துகினு போறான். குழிக்குள்ள எலுமிச்சம்பழம்தான் கீது. நான் வாரா வாரம் கைய உட்டுப் பார்க்கறேன்.

டம்ளரை அங்கேயே கடாசிட்டு வந்திருக்கலாம். கொண்டாந்து கொதிக்க வெச்சேன், சோப்பு போட்டேன், சாம்பல் போட்டேன், புளி போட்டுக் கூட தேய்ச்சேன். என்னால இன்னும் அதுல டீ குடிக்க முடியல. பார்த்தாலே குமட்டுது. அதனால நானும் இப்ப எல்லாரையும் மாதிரி டீக்கடை கிளாஸ்லதான் குடிக்கிறேன், அதுவும் கலீஜுதான்.

அந்த டம்ளரு கடையில ஆணியில தொங்குது. ஏகாம்பரம் வந்தா அத்த எடுத்து அதுலதான் பால் வாங்கியாந்து குடுப்பேன். அவனால கிளாஸ்ல குடிக்க முடியல, அகல வாய் டம்ளரு வேணும். ரெண்டு கையால புடிச்சிகினு மெதுவா குடிப்பான். தெச்ச பக்கம் ஒதடு ஒட்டாது, பாதி வழிஞ்சி சட்டையில ஒழுவும். எனக்கு அத்தப் பார்க்க முடியாது. ரோட்டுப் பக்கம் திரும்பி உக்காந்துகினு, தொடைச்சிக்கடான்னு துணிய மட்டும் பின்னாடி நீட்டுவேன்.